கயிறில்லாமல் ஏறும் தம்பி: தடுப்பதா, விடுவதா?

#1 செங்காந்தள்

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது.

என் தம்பிக்கு 27 வயது. ஐந்து வருடமாகப் பாறை ஏறுகிறான். முதல் ஷூவை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அப்புறம் கயிறு, இடுப்புப் பட்டை, கயிற்றை மாட்டும் கராபினர் கொக்கி என்று அவனாகவே ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஏறிவிட்டு வந்த அன்று இரவு கயிற்றைக் கூடத்தில் கொட்டி, சிக்கெடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலுக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பான். எங்காவது நார் பிய்ந்திருக்கிறதா, உள்ளே மெத்தென்று அமுங்குகிறதா என்று தேடுவானாம். அரை மணி நேரம் ஆகும். அதைப் பார்த்துப் பார்த்தே என் பயம் குறைந்தது. இவ்வளவு கவனமாக இருக்கிறவனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவன் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் கயிற்றுப் பை கிடந்தது. மேலே தூசி. விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. அவன் அன்று பாறை ஏறத்தான் போயிருந்தான். ஷூ இல்லை, கையில் தடவும் வெள்ளைப் பொடிப் பை இல்லை. கயிறு மட்டும் வீட்டில் இருந்தது.

இரவு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "தெரிஞ்ச பாறைதான்க்கா, கண்ணை மூடிட்டு ஏறுவேன்" என்றான். எவ்வளவு உயரம் என்றேன். அறுபது மீட்டர் இருக்கும் என்றான். எத்தனை நாளாக என்றேன். நாலு மாதமாம். அம்மாவுக்குத் தெரியாது.

அவனைத் திட்டி, பேச்சை நிறுத்தி, இப்போது மூன்று வாரம் ஆகிறது. இதில் இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், வெளியே நின்று பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். இப்படி உயிரை வைத்து ஆடுவதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் மடத்தனமா? அவனைத் தடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

#2 நடைவண்டி

சகோதரி, ஒளிக்காமல் சொல்கிறேன். இது மடத்தனம்தான். வீட்டில் கயிறு இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் போவதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

தீயணைப்பு வீரர் எரிகிற வீட்டுக்குள் நுழைகிறார் என்றால் உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீனவர் சீற்றமான கடலில் இறங்குகிறார் என்றால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவர்கள் வைக்கும் பணயத்துக்கு எதிரே ஏதோ ஒன்று இருக்கிறது. உங்கள் தம்பி உச்சிக்குப் போய் எதைக் கொண்டுவருகிறார்?

ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012 அக்டோபரில் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து, இரண்டு காலில் வந்து நின்றார். உலகமே பார்த்தது. அவரே 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடிங் விபத்தில் இறந்துபோனார். அவ்வளவு உயரத்திலிருந்து பிழைத்து வந்தவர், அதைவிட எவ்வளவோ தாழ்வான ஒரு பறப்பில் போய்விட்டார். இந்த விளையாட்டில் போதும் என்று சொல்ல ஒரு இடமே இல்லை. அதுதான் என் பெரிய எதிர்ப்பு. சுவர் இருந்தால்தான் சித்திரம், தம்பியிடம் அதைச் சொல்லுங்கள்.

#3 பாறைமுடிச்சு

நான் 14 வருடமாக ஏறுகிறேன். நடைவண்டி ஐயா இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டுகிறார். அதை முதலில் பிரித்துவிடுகிறேன்.

கயிறு கட்டி ஏறுவதில் விழுவது ஆட்டத்திலேயே சேர்த்தி. எத்தனை நூறு முறை விழுந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. போன வாரம்கூட நாலு மீட்டர் விழுந்தேன். கயிறு ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், கீழே நிற்கிற கூட்டாளி பிடித்துக்கொள்வார், தொங்கிக்கொண்டே மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறலாம். தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. ஃப்ரீ சோலோ அப்படியில்லை. கயிறும் இல்லை, தவறுக்கு இடமும் இல்லை.

உங்கள் தம்பி அலெக்ஸ் ஹொனால்டைப் பார்த்திருப்பார். 2017 ஜூன் 3ஆம் தேதி அமெரிக்காவின் யோசமிட்டியில் எல் கேபிடான் என்ற சுமார் 900 மீட்டர் பாறைச் சுவரைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். எல்லோருக்கும் நினைவில் இருப்பது அந்த ஒரு காலைதான். அதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேலாக அதே தடத்தில் கயிறு கட்டித் தொங்கி, ஒவ்வொரு பிடியையும், எந்தக் காலை எங்கே வைப்பது என்பதையும் மனப்பாடம் செய்தார். 2016இல் ஒரு நாள் இருட்டோடு தொடங்கி, மனசு ஒப்பவில்லை என்று பாதியில் விட்டுவிட்டும் வந்தார். படம் பிடிக்க ஆட்கள் காத்துக்கொண்டிருந்தபோது. எனக்கு அவர் ஏறியதைவிட அந்தத் திரும்பல்தான் பெரிசு.

இனி என் கதை. ஒரே ஒரு முறை நானும் கயிறில்லாமல் ஏறினேன். 25 மீட்டர், சுலபமான தடம், நூறு முறை ஏறியது. பாதிக்கு மேல் ஒரு விளிம்பில் கால் வைக்கப் போனேன், ஈரம். மழையே பெய்யவில்லை, பிளவுக்குள்ளிருந்து கசிந்திருக்கிறது. அந்த நொடியில் இடது கால் தையல் மெஷினை மிதிப்பதுபோல் தானாக ஆடத் தொடங்கியது. இறங்கலாம் என்றால் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், கால் எங்கே வைப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. மூன்றே அடி கீழே வர இருபது நிமிடம் ஆனது. மீதியை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அந்த ஈரத்துக்கு முந்தைய பன்னிரண்டு மீட்டரில் இருந்த அமைதி என் வாழ்க்கையில் வேறெங்கும் வாய்த்ததில்லை. தம்பி உங்களிடம் சொல்லத் தெரியாமல் நிற்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா, அவரிடம் "ஏன் ஏறுகிறாய்" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரிடமும் ஒழுங்கான பதில் கிடையாது. "கடைசியாக எப்போது பாதியில் திரும்பி வந்தாய்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். பதிலே இல்லையென்றால் அப்போது பயப்படுங்கள்.

#4 கணக்குப்பிள்ளை

நல்ல இழை. ஆனால் "ஆபத்தான விளையாட்டு" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பேசினால் எங்கேயும் போய்ச் சேரமாட்டோம்.

அமெரிக்காவில் 2023இல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் ஸ்கைடைவிங் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். ஏறக்குறைய மூன்றரை லட்சம் குதிப்புக்கு ஒரு உயிர். இப்போது பேஸ் ஜம்பிங்கைப் பாருங்கள். விமானத்திலிருந்து இல்லை, மலை முகட்டிலிருந்து குதிப்பது. நார்வேயில் ஷெராக் என்ற மலையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை ஆராய்ந்தார்கள். 9 பேர் இறந்திருக்கிறார்கள். 2,317 குதிப்புக்கு ஒருவர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே "குடையோடு குதிக்கிறான்"தான். ஆபத்தில் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2,317இல் ஒன்று என்றால் ஒரு தடவைக்குப் பெரிதாகத் தோன்றாது. ஒருவர் வருடத்துக்கு 200 முறை, பத்து வருடம் குதிக்கிறார் என்று வையுங்கள். அதே விகிதம் மாறாமல் இருந்தால் அவர் பத்தாம் வருட முடிவில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே, நூற்றுக்கு 42தான்.

அடுத்தது, "நூறு தடவை செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சு. இதே விகிதத்தில் நூறு முறை குதிப்பவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு ஒன்றும் ஆகாது. அது அவர்கள் திறமைசாலிகள் என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஆனால் அந்த 96 பேருமே தங்களைத் திறமைசாலி என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். செங்காந்தள், உங்கள் தம்பி நாலு மாதமாகப் பத்திரமாகத் திரும்பி வந்ததை அவர் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் அவர் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தெரிந்த பாறை என்கிறார். பாறைமுடிச்சுவின் பாறையும் தெரிந்த பாறைதான்.

#5 குடைவிரிப்பான்

எனக்கு 51 வயது. ஸ்கைடைவிங், வருடத்துக்கு நாற்பது குதிப்பு. மேலே சொன்ன கணக்கில் நான் நல்ல பக்கம் இருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மயங்கிப் போனாலும், கை முடங்கினாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் தானாகவே மாற்றுக் குடையை விரித்துவிடும் ஒரு சின்னக் கருவி முதுகில் இருக்கிறது. 1991இல் நம்பகமான வடிவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை குடையை இழுக்காமலேயே தரைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு விளையாட்டு தன் சாவுகளைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டால் அதன்மேல் எனக்கு மரியாதை வரும்.

ஏன் குதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என் குடையை நானே மடிக்கிறேன். தரையில் மண்டியிட்டு, துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றிப் பைக்குள் தள்ள இருபது நிமிடம். 4,000 மீட்டரில் கதவு திறந்தபிறகு நான் செய்த அந்த வேலையின் கீழே நானே தொங்குகிறேன். வேறு எந்த வேலையிலும் என் கைவேலை சரியா தப்பா என்று இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்ததில்லை. அந்தப் பழக்கம் என் மற்ற வேலைகளுக்குள்ளும் வந்துவிட்டது.

நண்பர்கள் விங்சூட் என்ற இறக்கை வைத்த உடையை மாட்டி முகட்டிலிருந்து குதிக்கக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டீன் பாட்டர் மாதிரி மலையிலேயே வாழ்ந்தவர் 2015 மே மாதம் யோசமிட்டியில் ஒரு விங்சூட் குதிப்பில் தன் கூட்டாளியோடு இறந்தார். அவருக்கு இல்லாத அனுபவம் எனக்கு எங்கிருந்து வரும்?

#6 நடைவண்டி

குடைவிரிப்பான், உங்களை நான் குறை சொல்லவில்லை. நீங்களே ஒரு கோடு கிழித்து நிற்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அந்தத் தம்பி கோட்டைத் தாண்டிவிட்டார்.

#7 தனிமரம்

இந்த இழையை இரண்டு நாளாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் மலையேறி. ஒன்பது வருடத்துக்கு முன் பனிச்சரிவில் போய்விட்டார். அப்போது மூத்தவனுக்கு ஆறு, சின்னவனுக்கு மூன்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் மூத்தவன் சைக்கிளில் இருந்த பக்கச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி வைத்தார். வந்ததும் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்றார். அந்தக் குட்டிச் சக்கரங்களும் நாலு திருகாணியும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இன்னும் இருக்கின்றன. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான்.

அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மலையிலிருந்து திரும்பிய வாரங்களில் அவரைப்போல் பொறுமையான மனிதரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளோடு மணிக்கணக்கில் தரையில் படுத்துக் கிடப்பார். போகாமல் இருந்த வருடத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். அதனால் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "நீ ஏன் போகவிட்டாய்?"

1995 மே மாதம் அலிசன் ஹார்கிரீவ்ஸ் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார். அதே வருடம் ஆகஸ்டில் கே2 மலையில் இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போகலாம் என்று செத்த பிறகும் அவரைக் கிழித்தார்கள். ஜார்ஜ் மலோரி 1924இல் எவரெஸ்டில் மறைந்தபோது அவருக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவரை அப்படி யாரும் கேட்கவில்லை. "அது அங்கே இருப்பதால்" என்று அவர் சொன்ன ஒரு வரியைத்தான் இன்றுவரை திருப்பிச் சொல்கிறோம். அப்பா போனால் வீரம், அம்மா போனால் பொறுப்பின்மை, என்னைப்போல் வீட்டில் இருந்தவள் மேல் மிச்சப் பழி. அலிசனின் மகன் டாம் பல்லார்டும் மலையேறியாகி, 2019இல் நங்க பர்பத் மலையில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் எழுந்துபோய் என் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு அவர்மேல் இருக்கும் குறை ஒன்றே ஒன்றுதான். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும். ஆகலாம் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம். காப்பீட்டு விண்ணப்பத்தில் மலையேற்றத்தை எழுதவே இல்லை. பணம் வரவில்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்கூட எனக்குத் தெரியாது. ஆபத்தை அவர் எடுத்தார், சரி. ஆனால் அதில் பாதி என் தலையில் இருந்தது, அது எனக்குத் தெரியாமலே.

செங்காந்தள், உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்களே. தடுக்கும் உரிமை இருக்கிறதோ இல்லையோ, தெரிந்துகொள்ளும் உரிமை முழுதாக இருக்கிறது.

#8 கணக்குப்பிள்ளை

தனிமரம் அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. நான் மேலே போட்ட எண்களில் இது எதுவுமே வரவில்லை.

#9 ஆழிமூச்சு

நான் ஃப்ரீடைவிங் செய்தவன். சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போய் வருவது. இப்போது ஆழம் போவதில்லை, பயிற்சிக்கு வருபவர்களுக்குத் துணை நிற்கிறேன்.

பயம் என்ற வார்த்தை இங்கே நிறைய வருகிறது. நீருக்குள் நம்மைக் கொல்வது பயம் இல்லாத நேரம்தான். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு கத்துவது ஆக்சிஜன் குறைவதால் இல்லை, கரியமில வாயு ஏறுவதால். குதிக்கும் முன் படபடவென்று வேகமாக மூச்சு இழுத்துவிட்டால் அந்த வாயு குறைந்துவிடும், கத்துவதும் தள்ளிப்போகும். சுகமாக இருக்கும். ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே வரும். மேலே வரும்போது கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாகிறது, நுரையீரலில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனின் விசையும் அதோடு பாதியாகிறது. விளக்கை அணைத்ததுபோல் நினைவு போய்விடும். வலி இல்லை, எச்சரிக்கை இல்லை. எனக்கு ஐந்து மீட்டரில் போனது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அடுத்து எனக்குத் தெரிவது கூட்டாளி என் முகமூடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று கத்தியதுதான். இடையில் நடந்தது எனக்கு இன்றுவரை இல்லை. அவர் அன்று பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நான் செத்தது எனக்கே தெரிந்திருக்காது.

நிக்கலஸ் மெவோலி 2013 நவம்பரில் பஹாமாஸில் 72 மீட்டர் முயற்சியில் இறங்கினார். 68 மீட்டர் அளவில் திரும்புவதுபோல் ஒரு கணம் நின்றார். அப்புறம் மறுபடி கீழே போனார். மேலே வந்து சேர்ந்தார், ஆனால் நுரையீரல் காயத்தில் இறந்துவிட்டார். பாறைமுடிச்சு சொன்ன அந்தத் திரும்பல் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்த நாலு மீட்டர்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொருவர் ஸ்டீபன் கீனன். அன்று இவர் பாதுகாப்புக்கு நின்றவர். 2017 ஜூலையில் எகிப்தின் தஹாப் நீலக்குழியில், வழி தவறித் திணறிய அலெசியா செக்கினி என்ற வீராங்கனையைக் கீழே போய் மேலே கொண்டுவந்து சேர்த்தார். அவர் பிழைத்தார், கீனன் இறந்தார். நான் சாதனைக்கு ஆசைப்படுவதை விட்டது அந்தச் செய்திக்குப் பிறகுதான். என் உயிர் என் இஷ்டம் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி அன்று எனக்காகத் தன் மூச்சையும்தான் வைத்தார்.

ஆனால் நடைவண்டி ஐயா, மேலே போய் எதைக் கொண்டுவருகிறார் என்று கேட்டீர்கள், அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2018இல் தாய்லாந்தில் தாம் லுவாங் குகையில் வெள்ளம் சூழ்ந்து 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கினார்கள். ஒன்பது நாள் கழித்து அவர்களைக் கண்டுபிடித்தது யார்? ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டன்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், இன்னொருவர் கணினித் துறைக்காரர். குகைக்குள் முக்குளிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுத்து வெளியே கொண்டுவர உதவிய ரிச்சர்ட் ஹாரிஸும் மருத்துவர், பொழுதுபோக்காகக் குகையில் முக்குளிப்பவர். இருட்டில், கலங்கிய தண்ணீரில், இடுக்கில் நிதானம் இழக்காமல் இருக்க அவர்கள் பல வருடம் "வீணாக" பழகியிருந்தார்கள். அந்த 13 பேரும் வெளியே வந்தது அதனால்தான். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அவர்களையும் இதே கேள்வி கேட்டிருப்போம்.

#10 நடைவண்டி

அந்தக் குகை விஷயம் என்னை யோசிக்க வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். எதற்குமே பயன்படாது என்று நான் சொன்னது தவறு. ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகவில்லையே. கயிறு பிடித்து, காற்றைக் கணக்குப் பண்ணித்தானே போனார்கள். என் கோபம் முழுக்க அந்தத் தூசி படிந்த பையின் மேல்தான். அது மாறவில்லை.

#11 தீப்பந்தம்

மலை மீட்புக் குழுவில் 11 வருடமாகத் தன்னார்வலனாக இருக்கிறேன். பொதுவாக எல்லோரும் எங்களிடம் கேட்பது, "இந்த முட்டாள்களுக்காக நீங்கள் ஏன் போகிறீர்கள்?" என்று. ஸ்ட்ரெச்சரின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் சறுக்குப் பாறையில் இறங்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் வராது. எட்டுப் பேர் தூக்குவோம், இன்னும் எட்டுப் பேர் மாற்றாள். நூறு மீட்டருக்கு ஒரு முறை கை மாற்றுவோம். கிடப்பவர் பேசிக்கொண்டிருந்தால் நிம்மதி, பேச்சு நின்றால்தான் கவலை.

எனக்கு உறுத்துவது வேறு. உயரமான மலைகளில் ஆசைப்படுகிறவரும் ஆபத்தில் அதிகம் நிற்கிறவரும் ஒரே ஆள் இல்லை. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியாற்றில் சரிவு விழுந்து 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் நேபாளிகள், மற்றவர்கள் ஏறுவதற்கு வழி தயார் செய்யவும் சுமை தூக்கவும் போனவர்கள். உச்சிக்கு ஆசைப்பட்டவர் ஒருவர் அந்தப் பனியாற்றைக் கடப்பது சில முறை. அவர்கள் கடப்பது அதைவிடப் பல மடங்கு.

2023 ஜூலை 27 அன்று கே2 மலையில் முகமது ஹசன் என்ற பாகிஸ்தான் சுமைதூக்குபவர் பாட்டில்நெக் என்ற குறுகலான இடத்தில் விழுந்து, அங்கேயே இறந்தார். உச்சிக்குப் போகிறவர்கள் வரிசையாக அவரைத் தாண்டிப் போனார்கள். அந்த உயரத்தில் மீட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், சிலர் உதவ முயன்றதும் தெரியும். ஆனாலும் அந்தக் காட்சி எனக்குச் செரிக்கவில்லை. அதே வருடம் மே மாதம் எவரெஸ்டில் கெல்ஜே ஷெர்பா, தான் கூட்டிப்போன ஆளின் உச்சிப் பயணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பனியில் விறைத்துக் கிடந்த ஒரு மலேசியரை முதுகில் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இறங்கினார். அந்த மனிதர் பிழைத்தார்.

இந்த இரண்டும் ஒரே ஆண்டில், இரண்டு மாத இடைவெளியில். எனக்கு வீரம் என்றால் அந்த இறங்கல்தான்.

செங்காந்தள் தங்கச்சி, தம்பி எந்தப் பாறைக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நாங்கள் தேடத் தொடங்கும் நேரம்தான் பாதி உயிர். தனியாகப் போய் விழுந்தவர்களில் சிலரைக் காணவில்லை என்று தெரியவே அடுத்த நாள் ஆகியிருக்கிறது.

#12 செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நேற்று இரவு அவனிடம் பேசினேன்.

நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன், மூன்று வாரம் பேசாமல் இருந்ததற்கு. அப்புறம் பாறைமுடிச்சு சொன்ன கேள்வியைக் கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. கயிறு கட்டி ஏறும்போது பல தடவை திரும்பியிருக்கிறானாம். கயிறில்லாமல் ஒரு தடவைகூட இல்லை. "திரும்பணும்னு தோணலையா?" என்றேன். ஒரு தடவை தோன்றியதாம். இரண்டு வாரத்துக்கு முன்னால், நாற்பது மீட்டரில். விரல் நழுவுகிற மாதிரி இருந்ததாம். கீழே இறங்குவது அதைவிடப் பயமாக இருந்ததால் மேலேயே போய்விட்டானாம். அதைச் சொல்லும்போது வலது கை விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டான். அவனுக்கே அது தெரியவில்லை.

நாங்கள் பேசாமல் இருந்த வாரங்களில் நடந்திருக்கிறது அது. வந்து சொல்ல ஆள் இல்லை.

தனிமரம் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன். பக்கச் சக்கரங்கள் வரும் இடத்தில் போதும்க்கா என்றான். கணக்குப்பிள்ளையின் எண்களைத் தானே வாங்கிப் படித்தான், இரண்டு முறை.

இனிமேல் கயிறில்லாமல் ஏறவே மாட்டேன் என்று சத்தியம் வாங்க நினைத்தேன். தரமாட்டேன் என்றுவிட்டான். "பொய் சத்தியம் வேணுமா?" என்றான். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் மூன்று விஷயத்துக்கு ஒப்புக்கொண்டான். இந்த வருடம் முழுக்கக் கயிறோடுதான். எந்தப் பாறை, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் செய்தி அனுப்புவான். அம்மாவிடம் அவனே சொல்வான். மூன்றாவதுதான் அவனுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

கயிறு ஏன் கட்டிலுக்கு அடியில் போனது என்பதும் நேற்றுதான் தெரிந்தது. அவனோடு ஏறிக்கொண்டிருந்த பையன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் இல்லை. யாரையாவது தேடுவதற்குக் கூச்சப்பட்டுத் தனியாகப் போகத் தொடங்கியிருக்கிறான். சுதந்திரம், அமைதி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இத்தனை நாளும் அவன் சாவோடு விளையாடுகிறான் என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நடைவண்டி ஐயா, அந்தப் பையைத் துடைத்துக் கூடத்தில் வைத்துவிட்டேன்.

பாறைமுடிச்சு, ஒன்று கேட்கிறேன். எனக்கு 34 வயது, எடை 52 கிலோ. அவன் 70. கீழே நின்று கயிறு பிடிப்பதை நான் கற்றுக்கொள்ள முடியுமா?

#13 நடைவண்டி

கற்றுக்கொள்ளுங்கள் சகோதரி.

#14 பாறைமுடிச்சு

தாராளமாக முடியும் அக்கா. ஏற வேண்டிய அவசியமே இல்லை, பிடிப்பதை மட்டும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தம்பியிடம் கற்காதீர்கள். கூடப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் அவசரப்படுத்துவார்கள். ஒரு பயிற்சிச் சுவரில் பயிற்றுநரிடம் சில நாள் போங்கள்.

18 கிலோ வித்தியாசம் பெரியதுதான். அவர் விழுந்தால் நீங்கள் மேலே தூக்கப்படுவீர்கள், முதல் தடவை திடுக்கென்று இருக்கும். அதற்கு வழி இருக்கிறது. தரையில் ஒரு எடையோடு உங்களைக் கட்டிக்கொள்ளலாம், அல்லது கயிற்றின் முதல் கொக்கியில் உராய்வைக் கூட்டும் ஒரு கருவியை மாட்டலாம். எந்தக் கை கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறதோ அந்தக் கை எதற்காகவும் கயிற்றை விடக்கூடாது. மூக்கு அரித்தாலும், யாராவது கூப்பிட்டாலும். கயிற்றின் கீழ்முனையில் ஒரு முடிச்சுப் போட்டு வையுங்கள், அவரை இறக்கும்போது கயிறு தீர்ந்துபோய் முனை நழுவிவிடாமல் இருக்க.

அப்புறம் ஒன்று. லின் ஹில் என்று உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர் 1989இல் பிரான்ஸில் ஒரு பாறையில் ஏறும் முன் கயிற்றை இடுப்புப் பட்டையில் கட்டும் முடிச்சைப் பாதி போட்டுவிட்டு, பேச்சு வாக்கில் முடிக்க மறந்துவிட்டார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்தார். 20 மீட்டருக்கும் மேல் விழுந்து, ஒரு மரம் தடுத்ததால் பிழைத்தார். நாலு வருடம் கழித்து எல் கேபிடானில் நோஸ் என்ற தடத்தை, கயிற்றில் எடையைப் போடாமல் கை காலால் மட்டுமே ஏறிய முதல் ஆளும் அவர்தான். அவருக்கே மறந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும், தரையை விட்டுக் கால் எடுக்கும் முன், தம்பியின் இடுப்பில் இருக்கும் 8 வடிவ முடிச்சை நீங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். உங்கள் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லுங்கள், "பார்த்தேன்" என்று.